தண்ணீர் குடிக்கச் சொன்ன ஸ்கேன் சென்டர்

இந்த முறை திருநெல்வேலி போய் வந்ததில் விமானம், வெயில், ஜங்ஷன் டிராபிக் எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் என் தங்கைக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். பர்மிங்காம் திரும்பி வந்தும் கோபம் ஆறவில்லை.

தங்கைக்குப் போன வருடம் ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது. பெரிய வலி எதுவும் இல்லை. அடிவயிற்றில் ஒரு கனம், இடுப்பில் லேசான பிடிப்பு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தால் கர்ப்பப்பை வாய் திறந்து பனிக்குடம் கீழே இறங்கியிருந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் கிடையாது. ‘வாய் லூஸா இருந்திருக்கு’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்களோ ஸ்கூட்டியில் போனதால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்தப் பேச்சை அவள் இன்றும் சுமக்கிறாள்.

நான் போனபோது மறுபடி கர்ப்பம், 18 வாரம். மாப்பிள்ளை கத்தாரில். ஆக, ‘பேஷண்ட் அட்டெண்டர் யாரு?’ என்று கூப்பிடும்போதெல்லாம் எழுந்து ஓட வேண்டிய ஆள் நான்.

டாக்டரம்மா சீட்டில் தெளிவாக எழுதியிருந்தார்: வெஜைனல் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்ப்பது), கர்ப்பப்பை வாயின் நீளம் பார்க்க. சீட்டை வாங்கிய ரிசப்ஷன் பெண் அதைப் படித்த மாதிரியே தெரியவில்லை. ஆதார், பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்த எண்), ஸ்கேனுக்கான எஃப் படிவத்தில் கையெழுத்து எல்லாம் வாங்கிக்கொண்டு டோக்கனை நீட்டினாள். தலைக்கு மேலே, ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது என்ற 1994 சட்டத்தின் போர்டு. அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. அடுத்து வந்ததுதான் விஷயம்.

“தண்ணி நல்லா குடிங்கக்கா. யூரின் முட்டிக்கிட்டு வந்தாத்தான் உள்ள விடுவாங்க.”

“இது வயித்து மேல பாக்குற ஸ்கேன் இல்லம்மா. வெஜைனல் ஸ்கேன். அதுக்கு யூரின் போயிட்டுத்தான் வரணும்.”

“எல்லாருக்கும் இதான்க்கா ரூல்.”

எல்லாருக்கும் இதுதான் ரூல்! ஊரில் நம்மைத் தோற்கடிக்க இந்த ஒரு வாக்கியம் போதும். வராந்தாவில் பார்த்தால் ஏழெட்டுப் பெண்கள் கையில் பாட்டிலோடு முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முறை வருவதற்குள் மூன்று டோக்கன் ‘டாக்டர் தெரிஞ்சவங்க’ கணக்கில் உள்ளே போயிற்று. என் தங்கை எதிர்த்துப் பேசத் தெரியாதவள். பாட்டில் பாட்டிலாகக் குடித்துவிட்டு, காலைக் குறுக்கே போட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்றால், இதே அளவை எனக்கும் எடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்மியர் டெஸ்டில் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வராமலிருக்க எடுக்கும் சோதனை) ஏதோ தெரிந்து, கர்ப்பப்பை வாயிலிருந்து கொஞ்சம் திசுவை வெட்டி எடுத்திருந்தார்கள். அப்படி எடுத்தவர்களுக்கு வாய் சீக்கிரமே சுருங்கித் திறக்க வாய்ப்பு உண்டு என்பதால் நான் கர்ப்பமாக இருந்தபோது குறைமாதத் தடுப்பு கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே அந்த அறைக்குள் நுழைவதற்கு முன்பே கேட்கும் முதல் கேள்வி, பாத்ரூம் போய்விட்டு வந்தீர்களா என்பது. காரணம் சாதாரணமானது. மூத்திரப்பை கர்ப்பப்பை வாய்க்கு முன்னால் இருக்கிறது. அது நிரம்பி அழுத்தும்போது கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிக்கொண்டு, வாய் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். உள்பக்கம் திறக்க ஆரம்பித்திருந்தாலும் அந்த அழுத்தத்தில் மறைந்துபோகும். வாய் திறக்காமலிருக்க அதைச் சுற்றித் தையல் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்கிற இடத்தில் வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டர், அதற்குக் கீழே என்றால் கவலை. அப்படிப்பட்ட அளவைத் தண்ணீர் பாட்டில் தீர்மானிக்கலாமா?

கடைசியில் உள்ளே கூப்பிட்டார்கள். ஸ்கேன் டாக்டர் சீட்டைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார். “ஏற்கெனவே ஒண்ணு போயிருக்கு, இதுல உள்ள விட்டுப் பாக்கணுமா? ரிஸ்க்கும்மா. மேலயே பாத்துடலாம்.” உள்ளே வைத்துப் பார்க்கிற ஸ்கேனால் கரு கலையும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை, அந்தக் கருவி கர்ப்பப்பை வாய்க்குள் போவதே கிடையாது. இதைச் சொன்னதற்கு, “மேடம் ஃபாரின்ல நர்ஸா?” என்று கேட்டார். நான் கணக்குப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். சொன்னேன். சிரித்தார். வயிற்றின் மேல் ஜெல்லைத் தடவி, ஒரு தடவை தேய்த்து, ஒரே ஒரு கோடு போட்டு, 3.6 சென்டிமீட்டர், நார்மல் என்று முடித்துவிட்டார். கண் சிமிட்டும் நேரம்தான். தங்கை அப்படியே பாத்ரூமுக்கு ஓடினாள்.

அம்மா போனிலேயே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் டாக்டரம்மா ரிப்போர்ட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையில் தள்ளி வைத்தார். “இதை வச்சு நான் எதுவும் சொல்ல முடியாது. மேல பாத்திருக்காங்க.” அவ்வளவுதான் சொன்னார். யாரையும் திட்டவில்லை. போனை எடுத்துப் பாளையங்கோட்டையில் வேறொருவரிடம் பேசி, “இப்பவே போங்க, எட்டு மணிக்குள்ள பாப்பாங்க” என்றார். எனக்கு அப்போதுதான் ஊர் மேல் பழைய பிரியம் திரும்பி வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு, அப்பாயிண்ட்மெண்ட் இல்லாமல், ஒரு போன் காலில் ஸ்கேன்! இங்கே இங்கிலாந்தில் அந்தச் சிறப்பு கிளினிக்குக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். போய்ச் சேருவதுதான் பாடு. போதாததற்கு, ஆபத்து என்று முன்கூட்டியே தெரிந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கு 20 வார ஸ்கேனில் இந்த நீளத்தை வழக்கமாக அளப்பதே இல்லை.

பாளையங்கோட்டையில் சின்ன இடம். ஆட்டோ உள்ளே போகாத சந்து. உள்ளே இருந்த பெண் டாக்டர் முதலில் சொன்னது: “பாத்ரூம் போயிட்டு வாங்கம்மா.” எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

நிதானமாகப் பார்த்தார். ஒரு தடவை அளந்தார், காத்திருந்தார், மறுபடி அளந்தார், மேல்வயிற்றை மெல்ல அழுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். கர்ப்பப்பை வாய் சில நிமிடங்களுக்குள்ளேயே சுருங்கி விரிவது உண்டு. மூன்று முறையாவது அளந்து அதில் குறைந்ததை எடுத்துக்கொள்வதுதான் முறை. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். மேலே நேராக மூடியிருக்க வேண்டிய இடம் புனல் மாதிரி விரிந்திருந்தது. கீழே மூடியபடி மிச்சமிருந்தது 21 மில்லிமீட்டர். மத்தியானம் 36, ராத்திரி 21.

தங்கை அழவில்லை. “அக்கா, போன தடவையும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?” என்று மட்டும் கேட்டாள்.

அடுத்ததெல்லாம் வேகம். கிருமித் தொற்று இருக்கிறதா என்று ரத்தம், யூரின், ஸ்வாப். வலியோ ரத்தப்போக்கோ நீர்க்கசிவோ இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு (இதில் ஏதாவது இருந்தால் தையல் போடக் கூடாது) மறுநாள் காலையிலேயே ஆபரேஷன் தியேட்டர். புருஷன் கையெழுத்து வேண்டும் என்று கவுண்டரில் ஒரு தகராறு நடந்தது. அவள் உடம்பு, அவள் கையெழுத்துப் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். கடைசியில் அம்மா போட்டார்.

அப்புறம் அந்தச் சீட்டு. ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஆபரேஷனுக்கு வேண்டியதைக் கீழே மெடிக்கலில் நாமேதான் வாங்கிக் கொடுக்க வேண்டும். கையுறை, ஊசி, ஸ்பைனல் மருந்து, கடைசி வரியில் ‘மெர்சிலீன் டேப்’. கடைப்பையன், “டேப் ஒண்ணுதான் இருக்கு, இல்லன்னா நைலான் வாங்கிட்டுப் போங்க” என்றான். வாங்கிக்கொண்டு படியேறும்போது கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளை நாடா, இரண்டு முனையிலும் வளைந்த ஊசி. பர்மிங்காமில் இதையெல்லாம் கண்ணிலேயே காட்டமாட்டார்கள். இங்கே தங்கச்சியின் பிள்ளையைத் தாங்கப்போகிற நாடாவை நானே பில் போட்டு, சில்லறை வாங்கி, கையில் எடுத்துக்கொண்டு போனேன். எரிச்சலான ஏற்பாடுதான், ஆனாலும் அந்த நாடாவைத் தொட்டுப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது.

டேப்பா நைலானா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “அவங்கவங்க கை பழகினதுதான்” என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் பர்மிங்காம் பல்கலைக்கழகம் முன்னின்று பிரிட்டன் முழுக்க 2,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. டேப் மாதிரிப் பின்னல் இழையில் போட்டாலும் நைலான் மாதிரி ஒற்றை இழையில் போட்டாலும் குழந்தையை இழப்பதில் வித்தியாசம் இல்லை என்று 2022-இல் முடிவு வந்தது.

இந்தத் தையலின் ஊரே நம் பக்கம்தான். பம்பாயில் டாக்டர் ஷிரோத்கர் 1955-இல் எழுதி வெளியிட்டார். ஆரம்பத்தில் அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே நார்த்திசுவை எடுத்துக் கட்டியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து மெல்போர்னில் மெக்டொனால்ட் அதை இன்னும் எளிதாக்கினார். பாட்டி இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையின் வாயில் கயிறு ஓடுவது போல, வாயைச் சுற்றி நான்கைந்து இடத்தில் குத்தி வாங்கி இழுத்து முடிச்சுப் போடுவது. தங்கைக்குப் போட்டது இரண்டாவது வகை. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் டிஸ்சார்ஜ்.

வீட்டுக்கு வந்தால் அம்மா கட்டிலைத் தயார் செய்து வைத்திருந்தார். கால்மாட்டில் இரண்டு பக்கமும் செங்கல். தலை கீழேயும் கால் மேலேயுமாகப் படுத்தால் குழந்தை இறங்காதாம். அத்தைக்கு அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்களாம், அந்த அத்தை மகன்தான் இன்று பேங்க் மேனேஜராம். படுத்தே கிடப்பதால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்று நிரூபணமாகவில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். டாக்டரம்மாவும் வெயிட் தூக்காதே, தாம்பத்தியம் வேண்டாம், மற்றபடி வீட்டுக்குள் நடமாடு என்றுதான் சொன்னார். ராத்திரி உள்ளே வைக்க 200 மில்லிகிராம் புரோஜெஸ்டிரான் (கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோன்) மாத்திரையும் எழுதித் தந்தார். நான் செங்கல்லை எடுப்பதும், நான் குளிக்கப் போகும்போது அம்மா திரும்ப வைப்பதுமாக லீவு முடிந்தது.

அந்த முதல் ஸ்கேன் சென்டருக்கு மறுபடி போய் இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மேனேஜர் பில்லைப் பார்த்தார். “ஸ்கேன் எடுத்தாச்சுல்ல மேடம், ரீஃபண்ட் வராது” என்றார். நான் கேட்கப் போனது காசு இல்லை. வராந்தாவில் வேறு பெண்கள் பாட்டிலோடு நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தியிடம் போய், உன் சீட்டில் கர்ப்பப்பை வாய் நீளம் என்று எழுதியிருக்கிறதா, எழுதியிருந்தால் தண்ணீர் குடிக்காதே, உள்ளே வைத்துத்தான் பார்க்கச் சொல்லு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

தங்கைக்கு இப்போது 23 வாரம். போன தடவை போன வாரங்கள் தாண்டிவிட்டன. ஃபைலின் முன்னட்டையில் சிவப்பு மையில் பெரிதாக ‘தையல் போட்டிருக்கிறது’ என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். வலியோ நீரோ வந்து ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினாலும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்; தையலோடு பிரசவ வலி நீடித்தால் வாய் கிழிந்துவிடலாம். எல்லாம் நல்லபடியாகப் போனால் 36 வாரம் முடிந்து 37-க்குள் தையலை எடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் மயக்க மருந்துகூட வேண்டியிருக்காது. டாக்டரம்மா சொன்ன தேதி அஷ்டமியாம். ஒரு நாள் தள்ளிக் கேட்டுப் பார் என்று அம்மா எனக்குத் தினமும் வாட்ஸ்அப் செய்கிறார்.