வள்ளத்துக்கு லிதியம் பற்றரி: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விலையை முதலே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கரையில் என்னிடம் கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். 12.8 வோல்ற், 100 அம்பியர் மணி லிதியம் பற்றரி 118,000 ரூபாய். (அம்பியர் மணி என்பது பற்றரி கொள்ளும் மின்சாரத்தின் அளவு, ஓர் அம்பியர் வீதம் ஒரு மணித்தியாலம் இழுத்தால் ஒன்று.) அதற்கென்று தனியாக வாங்கிய சார்ஜர் 18,000. பியூஸ், சுவிச், மீற்றர், வயர் எல்லாம் சேர்த்து 21,000. இறுக்கி மூடுகிற பிளாஸ்ரிக் பெட்டி 6,500. மொத்தம் 163,500 ரூபாய். கடைகளில் சொல்வது முதல் விலையை மட்டும்தான். மிச்ச 45,500 ரூபாயைப் பற்றி நாங்களாகக் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். கடலில் எங்களைப் பாதுகாப்பது பெரும்பாலும் அந்த மிச்சக் காசுக்கு வாங்கும் சாமான்கள்தான்.

என்னுடையது 23 அடி ஃபைபர் வள்ளம். 25 குதிரைவலு மண்ணெண்ணெய் என்ஜின், கயிறு இழுத்து ஸ்ராற் பண்ணுவது. அதனால் என்ஜினுக்குப் பற்றரி தேவையில்லை. மீன் காட்டும் ஜிபிஎஸ் கருவிக்கு ஓர் அம்பியர், வலை இழுக்கும்போது எரிகிற இரண்டு எல்இடி லைற்றுக்கு இரண்டு அம்பியர், சிவப்பு பச்சை லைற்றும் போன் சார்ஜும் சேர்த்து ஒன்றரை. இடையிடையே தண்ணீர் இறைக்கும் பம்ப். ஓர் இரவுத் தொழிலுக்கு 55 இலிருந்து 60 அம்பியர் மணி செலவாகிறது.

இதே வேலைக்கு இங்கே எல்லோரும் பாவிப்பது லொறிப் பற்றரி. 100 அம்பியர் மணி என்று எழுதியிருந்தாலும் அதில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். லொறி என்ஜினை ஒரு நொடி உதறி எழுப்புவதற்குச் செய்த பொருளை நாங்கள் இரவிரவாகக் கசக்கிப் பிழிகிறோம். எனக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். இரண்டுக்கும் 104,000 ரூபாய் போகும், இரண்டு வருடத்துக்குள் மாற்றவும் வேண்டிவரும். பழையதைக் கொடுத்தால் கிடைப்பதைக் கழித்தாலும் திரும்ப 86,000. ஆகவே முதல் தடவை மாற்றும் நாளிலேயே செலவு 190,000 ஆகி லிதியத்தைத் தாண்டிவிடும். என் கணக்கு இவ்வளவுதான். ஸ்ரிக்கரில் 6,000 தடவை சார்ஜ் பண்ணலாம் என்று போட்டிருப்பதை நான் கணக்கில் எடுக்கவேயில்லை. வருடத்தில் 200 இரவு தொழிலுக்குப் போகிறவனுக்கு 2,000 தடவை என்பதே பத்து வருடம். அதற்கு முன்னர் உப்புக்காற்று உள்ளே இருக்கும் சேர்க்கிட்டைத் தின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு ரோச் லைற்றும் போன் சார்ஜும் மட்டும் போதும் என்கிற, ஆழமில்லாத கடலில் தடி நட்டு வலை கட்டும் களங்கட்டித் தொழில்காரருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. குறைவாகப் பாவித்தால் லொறிப் பற்றரியே நாலு வருடம் இழுக்கும். அவர்கள் காசை வலைக்குப் போடட்டும்.

இனிப் பயத்துக்கு வருகிறேன். வாங்கப்போகிறேன் என்றதும் மச்சான் கேட்டது, “போன் வெடிக்கிற சாமானையே வள்ளத்துக்குள்ள ஏத்தப் போறாய்?” கேட்டதில் பிழையில்லை. லிதியம் என்று ஒரே பெயரில் விற்கிற எல்லாம் ஒரே பொருளில்லை. போனிலும் மடிக்கணினியிலும் பல மின்சார ஸ்கூட்டர்களிலும் இருப்பது கோபால்ற், நிக்கல் சேர்ந்த வகை. வள்ளத்துக்குக் கேட்க வேண்டியது லிதியம் இரும்பு பொஸ்பேற். கோபால்ற் வகை சுமார் 150 பாகை செல்சியஸிலும், நிக்கல் மங்கனீஸ் கோபால்ற் வகை 210 பாகை அளவிலும் தானாகக் கொதித்தெழத் தொடங்கும். இரும்பு பொஸ்பேற்றுக்கு 270 பாகை அளவு வேண்டும், அப்போதும் அது உள்ளிருந்து ஒட்சிசனை இலகுவில் விடாது. அதற்காக எரியவே எரியாது என்று நம்பிவிடக்கூடாது. மிதமிஞ்சிச் சூடானால் தீப்பற்றக்கூடிய வாயுவும் நச்சுப் புகையும் வரும்.

எந்த வகை என்று ஸ்ரிக்கரில் இருக்கும் வோல்ற் அளவே சொல்லிவிடும். இரும்பு பொஸ்பேற் செல் ஒன்று 3.2 வோல்ற், நாலு சேர்ந்தால் 12.8. 11.1 என்றோ 14.8 என்றோ போட்டிருந்தால் அது மற்ற வகை, எடுக்கவேண்டாம். அடுத்தது நிறை. நல்ல 100 அம்பியர் மணி செல் ஒன்றே இரண்டு கிலோ அளவில் இருக்கும், நாலுக்கு எட்டுக் கிலோ. கோது, வயர் எல்லாம் சேர்ந்தால் பத்துப் பன்னிரண்டு வரவேண்டும். என்னுடையதை மீன் சந்தைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 10.8 கிலோ. நகரில் வேறொரு கடையில் 74,000 ரூபாய்க்கு “அதே 100” என்று ஒன்றைக் காட்டினார்கள். ஒரு கையால் தூக்கலாம், ஏழு கிலோகூட வராது. அதற்குள் 100 அம்பியர் மணி இருக்க வழியே இல்லை. திறந்து காட்டமாட்டோம், லோட் போட்டுப் பார்க்கவும் விடமாட்டோம் என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் வாங்கிய கடை சோலர் சாமான் விற்கிற இடம். பெயர் சொல்வதில் பெரிய பயனில்லை, ஒரே சீனப் பெட்டிக்குக் கடைக்குக் கடை வேறு ஸ்ரிக்கர் ஒட்டுகிறார்கள். கடையில் நின்ற தம்பி, “அண்ணை, இது தண்ணிக்குள்ள கிடந்தாலும் ஒண்டும் செய்யாது” என்றார். பெட்டியில் ஐபி65 என்று இருந்தது. அதன் அர்த்தம் குழாயால் தண்ணீர் பீச்சினால் தாங்கும் என்பது, மூழ்கினால் தாங்கும் என்பதில்லை. இதைச் சொன்னதும் தம்பி சிரித்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டார். முதலாளி நேர்மையான மனிசன். புளூடூத் அப்பில் நாலு செல்லின் வோல்ற்றையும் காட்டினார். உத்தரவாத அட்டையில் மூன்று வருடம் என்று பெரிதாகவும், கடல் பாவனைக்கு இல்லை என்று கீழே பொடியாகவும் இருந்ததைக் காட்டிக் கேட்டபோது, பில்லில் “வள்ளப் பாவனைக்கு ஒரு வருடம்” என்று கையால் எழுதி முத்திரை குத்தித் தந்தார். நீங்களும் எழுதி வாங்குங்கள். வாயால் சொல்கிற உத்தரவாதத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து முழுச் சார்ஜ் ஏற்றி, இரண்டு 55 வாற் ஹெட்லைற் பல்ப்பைக் கொழுவி விட்டேன். ஒன்பது அம்பியர் இழுத்தது. காலை ஆறு மணிக்குப் போட்டது மாலை ஐந்துக்குச் சற்று முன்னர் அணைந்தது. 98 அம்பியர் மணி, குறை சொல்ல ஒன்றுமில்லை. அணைந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. லொறிப் பற்றரி என்றால் லைற் மங்கி, மஞ்சளாகி, “கரைக்குப் போ” என்று ஒரு மணித்தியாலத்துக்கு முன்னரே சொல்லும். இது கடைசி நிமிடம் வரை அதே வெள்ளை வெளிச்சம், பிறகு ஒரே வெட்டு. செல்கள் பழுதாகாமல் பாதுகாக்க உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற சேர்க்கிட் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பற்றரிக்கு அது நல்லதுதான். வாடைக்காற்றில் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் இது நடந்தால் வள்ளத்தில் இருக்கிற ஆளுக்கு நல்லதில்லை. வோல்ற் மீற்றரும் உதவாது. பாதி சார்ஜிலும் 13 வோல்ற்றுக்குக் கிட்டத்தான் காட்டும். போன அம்பியரை எண்ணிச் சொல்லும் சண்ற் மீற்றர் கட்டாயம் வேண்டும். அதோடு பம்ப்புக்கும் ஒரு லைற்றுக்கும் சின்னதாக ஒரு தனிப் பற்றரி வைத்திருக்கிறேன்.

கடலில் பற்றரியால் வந்த தீ விபத்துகளைத் தேடி வாசித்தபோது என்னை நிற்பாட்டியது நோர்வேயின் பிறிம் என்ற சுற்றுலாக் கப்பல். 2021 மார்ச்சில் ஒஸ்லோ கடல்நீரேரியில் அதன் பற்றரி அறையில் தீப்பிடித்தது. உப்புத்தண்ணீர் உள்ளே போய் மின்னொழுக்கு ஏற்பட்டதுதான் பெரும்பாலும் காரணம் என்று விசாரணை சொன்னது. காசு கொட்டிக் கட்டிய கப்பலுக்கே அந்தக் கதி என்றால், குருநகரில் அலையடித்து நனைகிற எங்கள் வள்ளத்தின் அணியத்துக்கு (முன்பக்கத்துக்கு) கீழே இதை வெறுமனே வைக்கலாமா? எழுவைதீவில் காற்றாலை, சோலரோடு லிதியம் பற்றரியும் சேர்ந்த மின்திட்டம் இருக்கிறதே என்பார்கள். அது தரையில் அசையாமல் நிற்கிறது, தினமும் உப்புத்தண்ணீரில் குளிப்பதில்லை.

ஆகவே பொருத்தும் விதம். பற்றரியை முதலில் சொன்ன பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, தண்ணீர் தேங்காத உயரத்தில், நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பெற்றோல் கானுக்கு எதிர்ப்பக்கம். மண்ணெண்ணெய் என்ஜினைப் பெற்றோலில்தானே எழுப்புகிறோம், அந்த ஆவிக்குப் பக்கத்தில் சுவிச் பொறி வேண்டாம். பற்றரியோடு வந்த போல்ற் சாதாரண இரும்பு. சில வாரத்தில் தலை செம்மண் நிறமாகி, சுரண்டினால் செதில் செதிலாக உதிர்ந்தது. துருப்பிடிக்காத உருக்கு போல்ற் போட்டு மேலே வசிலின் தடவினேன். சாதாரணச் செப்பு வயரை ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தால் உறைக்குள்ளே ஒரு சாண் தூரம் பச்சைக் களிம்பு ஓடியிருக்கும். வெள்ளீயம் பூசிய வயர் விலை கூட, ஆனால் அதைத்தான் வாங்கவேண்டும்.

பியூஸ் பற்றி ஒரு வார்த்தை. லிதியம் ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். கார்களில் இருக்கிற சின்ன பியூஸ் அவ்வளவை வெட்டாது, உருகிய பின்னும் பொறி தொடர்ந்து பாயக்கூடும். பற்றரி முனையிலேயே பூட்டுகிற, 10,000 அம்பியர் வரை வெட்டும் பியூஸ் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கேட்ட கடைகளில் இல்லை, கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அமெரிக்காவில் படகுகளுக்கான லிதியம் பற்றரிக்கென்றே 2022 இல் ஈ-13 என்ற தரவிதி வந்தது. பிஎம்எஸ் கட்டாயம், திடீரென வெட்டுமுன் எச்சரிக்கை வேண்டும் என்கிற விசயங்கள் அதில் உண்டு. எங்கள் கரையில் இதையெல்லாம் பார்த்துச் சொல்ல ஆளில்லை, நாங்களேதான் பார்க்கவேண்டும்.

சார்ஜ் பண்ணுவது வீட்டு விறாந்தையில், பகலில், ஆள் இருக்கும்போது. வெறுமையிலிருந்து முழுதாக ஏற்றினால் ஒன்றரை யூனிற் மின்சாரம் போகும். பழைய லொறிப் பற்றரி சார்ஜரைக் கொழுவக்கூடாது. சிலதில் 15 வோல்ற்றைத் தாண்டி அடிக்கும் முறை இருக்கிறது, இதற்கு 14.6தான் உச்சம். என்ஜின் ஓடும்போது லைற்றுக்கு மின்சாரம் தரும் கொயிலில் இருந்து நேரடியாகக் கொடுப்பதும் வேண்டாம், வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர் இல்லாவிட்டால் வோல்ற் கண்டபடி எழும்பும். படுக்கிற இடத்தில் சார்ஜ் போடவே வேண்டாம். 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் கொன்செப்ஷன் என்ற சுழியோடிகளின் படகு இரவில் எரிந்து 34 பேர் இறந்தார்கள். தீ தொடங்கிய காரணத்தை விசாரணையால் உறுதிப்படுத்த முடியவில்லை, சார்ஜில் கிடந்த லிதியம் சாதனங்களும் ஆராயப்பட்ட காரணங்களில் ஒன்று.

நியாயத்துக்கு இதையும் சொல்லவேண்டும், லொறிப் பற்றரியும் சாதுவான சாமானில்லை. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் விடும், கவிழ்ந்தால் அசிட் காலைப் பொசுக்கும், கடல்நீர் உள்ளே போனால் குளோரின் வாயு வரும். பழகிய ஆபத்து என்பதால் நாங்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்குப் போனபோது கரையில் கதை வேறுவிதமாக ஓடியது. என்ஜினையே பற்றரியில் ஓட்டினால் என்ன? கொச்சி மின்சாரப் படகுகளின் வீடியோவை அனுப்பாத ஆளில்லை. 25 குதிரைவலு என்றால் கிட்டத்தட்ட 18 கிலோவாற். என் பற்றரியில் இருப்பது 1.28 கிலோவாற் மணி. முழு வேகத்தில் ஓடினால் நாலு நிமிடம், துறையை விட்டு வெளியே போகவே காணாது. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 2017 முதல் ஓடுகிற ஆதித்யா என்ற சோலர் படகு, குறுகிய தூரம் மெதுவாகப் போய்வந்து கரையில் சார்ஜ் ஏற்றக்கூடியது. குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் அப்படி ஒன்று ஓடலாம். நண்டுவலை போட்டு ஆழ்கடலுக்குப் போகிறவனுக்கு மண்ணெண்ணெய்தான்.

50 அம்பியர் மணியில் 65,000 ரூபாய்க்கும் ஒன்று இருந்தது. இரவில் 30 அம்பியர் மணிக்குள் அடங்குகிற சின்ன வள்ளக்காரருக்கு அதுவே தாராளம். பியூஸ், மீற்றர், வயர், பெட்டிக்கு மட்டும் பாதி விலை என்று எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு அவர்களும் நான் கொடுத்த அதே 27,500 ரூபாயைத்தான் கொடுக்கவேண்டி வரும்.