வேகத்தடை, உயர்த்திய கிராசிங், கேமரா, ரவுண்டானா: எங்கே எது?

ஒரு தெருவில் உயிர் போனதும் எழும் முதல் கோரிக்கை ‘வேகத்தடை போடுங்கள்’ அல்லது ‘சிக்னல் வையுங்கள்’ என்பதுதான். இரண்டும் சில இடங்களுக்குப் பொருந்தும், பல இடங்களுக்குப் பொருந்தாது. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நாம் வைத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: தவறு நேரும் நொடியில் வண்டி என்ன வேகத்தில் இருக்கும்?

கணக்கைப் பாருங்கள். ஓட்டுநர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே வண்டி 21 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நிற்க மேலும் 14 மீட்டர் வேண்டும். 30 கி.மீ. என்றால் இரண்டும் சேர்ந்தே பதினேழரை மீட்டர்தான். 20 மீட்டர் முன்னால் ஒரு குழந்தை ஓடிவந்தால், 30-இல் வருபவர் நிறுத்திவிடுவார். 50-இல் வருபவர் பிரேக்கைத் தொடும் முன்பே முழு வேகத்தில் மோதியிருப்பார். மனிதர்கள் தவறு செய்யத்தான் செய்வார்கள், அதற்கு உயிர் விலையாகக் கூடாது என்று சுவீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்ற ‘விஷன் ஜீரோ’ கொள்கைக்கும் இதுதான் அடிப்படை.

குடியிருப்புத் தெருக்களுக்கு வருவோம். வேகத்தடை மலிவு, இரண்டு நாளில் போட்டுவிடலாம். ஆனால் அளவு முக்கியம். ஏறி இறங்கும் நீளம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 செ.மீ., மேற்பரப்பு வில்போல் வளைந்திருக்க வேண்டும். ஒரு முழ அகலத்தில் தாரைக் குவித்துப் போடும் மேடு நேர்மாறாக வேலை செய்யும். மெதுவாக வருபவரின் முதுகை உடைக்கும், வேகமாக வரும் காரின் சஸ்பென்ஷன் அதை விழுங்கிவிடும், சைக்கிள்காரர் இரவில் கவிழ்வார். இரண்டு தடைகளுக்கு நடுவே 100 மீட்டருக்கு மேல் விட்டால் இடையில் மறுபடி முறுக்குவார்கள்.

எங்கள் தேர்வு உயர்த்திய கிராசிங். அதாவது நடைபாதை மட்டத்துக்குத் தூக்கிக் கட்டிய ஜீப்ரா கிராசிங். வேகத்தையும் குறைக்கும், கடப்பவர் எங்கே கடப்பார் என்பதையும் ஓட்டுநருக்குக் காட்டும். வேகத்தடை முதல் வேலையை மட்டுமே செய்கிறது. மேல் தளம் குறைந்தது 3 மீட்டர் அகலம், உயரம் 7.5 முதல் 10 செ.மீ. சரிவு கார் தெருவில் பத்துக்கு ஒன்று, பஸ் தடத்தில் இருபதுக்கு ஒன்று.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீரால். குறுக்கே மேடு எழுந்ததும் ஓரத்தில் ஓடிய மழைநீர் அங்கேயே தேங்கும், நடப்பவர் விலகி வேறு இடத்தில் கடப்பார். நீர் வரும் பக்கம், சரிவு தொடங்கும் முன்பே வடிகால் வாய் இருக்க வேண்டும். அதன் கம்பிகள் சாலைக்குக் குறுக்காக அமையட்டும், நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் இறங்கிவிடும். இறங்கும் படி இல்லாததால் பார்வையற்றவருக்குச் சாலை தொடங்குவது தெரியாது. விளிம்பில் புடைப்புள்ளி ஓடுகளைக் கட்டாயம் பதிக்க வேண்டும். இன்னொன்று: சில ஆண்டுகள் கழித்து பழைய தாரைச் சுரண்டாமல் 5 செ.மீ. புதுத் தார் போட்டால் 10 செ.மீ. மேடை பாதியாகிவிடும். சாலை ஒப்பந்தத்திலேயே சுரண்டுவதை எழுதி வையுங்கள்.

ஆம்புலன்ஸ் தாமதமாகும் என்பதற்காக, இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக வைக்கும் மெத்தைத் தடைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். டூவீலர் அதிகமுள்ள தெருவில் வேண்டவே வேண்டாம். அந்த இடைவெளிகளில் வேகம் குறையாமல் நெளிந்து போவார்கள்.

அகலமான பிரதான சாலையில் மேடு போட முடியாது. அங்கே கேமரா. ஒற்றைக் கேமரா என்றால் அதன் முன் பிரேக், தாண்டியதும் ஆக்சிலரேட்டர். இரண்டு முனைகளில் வைத்து சராசரி வேகம் கணக்கிடுவது மேல். 1.2 கி.மீ. தூரத்தை 72 நொடியில் கடந்தால் 60 கி.மீ. வேகம், தப்ப வழியில்லை. அபராதம் சிறியதாக இருக்கலாம், ஆனால் சில நாளில் கைக்கு வர வேண்டும். மாதங்கள் கழித்து வரும் சீட்டு யாரையும் மாற்றாது. நேரமும் கவனிக்க வேண்டியது. நியூயார்க்கில் பள்ளிப் பகுதிக் கேமராக்கள் வாரநாட்களில் மட்டும், இரவு 10 மணியோடு ஓய்ந்துகொண்டிருந்தன. 2022 ஆகஸ்டில்தான் இரவு பகலாக, எல்லா நாளும் இயங்கத் தொடங்கின. வெறிச்சோடிய சாலையில்தான் வேகம் கூடும் என்பதால் அது சரியான முடிவு.

சந்திப்புகளில் சிக்னலா ரவுண்டானாவா? நாலு முனைச் சந்திப்பில் வண்டிப் பாதைகள் ஒன்றையொன்று வெட்டும், சேரும், பிரியும் இடங்கள் 32. ஒற்றைத் தட ரவுண்டானாவில் 8. சிக்னலை ஒருவர் மீறினால் பக்கவாட்டில் முழு வேக மோதல். ரவுண்டானாவில் தவறினால் பம்பர் உரசும். சிறு உரசல்கள் கூடினால்கூட, கை கால் போகும் விபத்துகள் வெகுவாகக் குறைவதால் ரவுண்டானாவுக்கே எங்கள் ஓட்டு.

நடுவில் ஒரு வட்டத்தைக் கட்டினால் மட்டும் போதாது. உள்ளே வரும் வண்டி வளைந்தே ஆக வேண்டும். நேராகப் போக முடிந்தால் அது அலங்காரம்தான். உள்ளே சுற்றுபவருக்கே முன்னுரிமை என்ற விதி வேண்டும். இல்லையேல் வட்டமே அடைத்துக்கொள்ளும். பிரிட்டன் 1966-இல் அந்த விதியைக் கொண்டுவந்த பிறகுதான் அங்கே ரவுண்டானா உருப்படியாக இயங்கியது. கிராசிங்கை வட்டத்திலிருந்து ஒரு கார் நீளம் பின்னால் தள்ளி, சாலை நடுவில் கடப்பவர் நின்று போக 2 மீட்டர் திட்டு விடுங்கள்.

இரண்டு மூன்று தடம் உள்ள பெரிய ரவுண்டானா நடப்பவருக்கும் பார்வையற்றவருக்கும் ஆபத்து. அங்கே சிக்னலே மேல். ஆனால் வண்டிக்குப் பச்சை விழும் முன் நடப்பவருக்கு 3 முதல் 7 நொடி முந்தைய பச்சை கொடுங்கள். திரும்பும் ஓட்டுநர் கண்ணில் அவர் படுவார். 14 மீட்டர் சாலையை நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் கடக்க 12 நொடி ஆகும். முதியவர் நடமாடும் இடத்தில் 0.9 மீட்டர் என்று கணக்கிட்டு 16 நொடி வையுங்கள்.

எதைக் கட்டினாலும், கிராசிங்குக்கு முன் 6 மீட்டருக்குப் பார்க்கிங் கூடாது. வெறும் மஞ்சள் கோடு போதாது, கம்பம் நடுங்கள். கட்டி முடித்து ஒரு மாதம் கழித்து, இரவு 11 மணிக்கு வேகத்தை அளந்து பாருங்கள். நூற்றில் 85 வண்டிகள் 30-க்குள் இல்லையென்றால் சரிவின் கோணத்தையும் மேடுகளுக்கிடையிலான தூரத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.