மலை வீட்டு மீன் தொட்டியில் நைட்ரைட்: பல குளிர்காலம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

ஓராண்டுக்கு மேல் ஒழுங்காக ஓடிய தொட்டி. புது மீன் விடவில்லை, தீனியையும் கூட்டவில்லை. மார்கழிக் காலையில் பார்த்தால் மீன்கள் எல்லாம் ஃபில்டர் வாயருகே மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும். செவுள் மூடி தூக்கும்போது உள்ளே சிவப்புக்குப் பதில் காபித்தூள் நிறம் தெரிந்தால் நைட்ரைட் ரத்தத்தில் ஏறிவிட்டது. டெஸ்ட் கிட்டில் வெளிர்நீலமாக இருக்க வேண்டிய சொட்டு அடர் ஊதாவாகும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் தொட்டிகளில் இது பெரும்பாலும் குளிரிலும் அடைமழையிலும்தான் வருகிறது.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் ஃபில்டர் பாக்டீரியாவைவிட, அந்த நஞ்சான நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் இரண்டாவது கூட்டம் நோஞ்சான். குளிர், ஆக்ஸிஜன் குறைவு, காரத்தன்மை குறைவு மூன்றுமே அதை முதலில் அடிக்கும். மலையில் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. கடல் மட்டத்தில் 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்ஸிஜன் கரையும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் 6.3தான். கீழ்நாட்டில் போதுமான ஏர் பம்ப் இங்கே போதாது.

ஆனால் பலர் கவனிக்காமல் விடுவது கேஎச், அதாவது தண்ணீர் அமிலமாகாமல் தாங்கும் கார இருப்பு. மலைத் தண்ணீர் மிக மென்மையானது. குழாயிலேயே பல இடங்களில் கேஎச் 1, 2 டிகிரிதான். பாக்டீரியா வேலை செய்யச் செய்ய அதைத் தின்னும். தொட்டியில் நைட்ரேட் 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) ஏறியிருந்தால், சுமார் 2 டிகிரி கேஎச் கரைந்திருக்கிறது என்று பொருள். இருப்பு தீர்ந்ததும் பிஎச் (அமில, கார அளவு; இறங்கினால் தண்ணீர் புளிக்கிறது) 6க்குக் கீழே சரியும், பாக்டீரியா முடங்கும். தொட்டி பழசானதால் வரும் கோளாறு இது. புதுத் தொட்டிக்கான வைத்தியம் இதற்குப் பலிக்காது.

முதலுதவி கல் உப்பு. 10 லிட்டருக்கு 1 கிராம், தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். இந்த அளவு, உப்பு ஒத்துக்கொள்ளாத கோரிடோராஸ் மீனுக்கும் செடிக்கும் தீங்கு செய்யாது. பிறகு பாதித் தண்ணீர் மாற்றினால் நைட்ரைட் 2 பிபிஎம் 1 ஆகும், மறுநாளும் மாற்றுங்கள். பிஎச் 6க்குக் கீழே இருந்தால் மட்டும் இப்படி நிறைய மாற்றாமல், அடுத்துச் சொல்லும் முறையில் போங்கள். வெளியே எடுத்த தண்ணீருக்குரிய உப்பை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டும். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கூடுதலாக விழும், ஆன்டி குளோரின் போடாமல் ஊற்றவே கூடாது. கீசர் தண்ணீர் கலந்து, தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் சூட்டில் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தீனி மூன்று நாளைக்கு வேண்டாம்.

கேஎச் ஏற்ற ஆப்ப சோடா போதும். 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் ஏறத்தாழ 1 டிகிரி ஏறும். நாளுக்கு ஒரு டிகிரி என்று 4 வரை கொண்டுபோங்கள். பிஎச் 6க்குக் கீழே இருந்தால் முதலில் அம்மோனியாவைப் பாருங்கள். புளித்த தண்ணீரில் அது அவ்வளவு விஷமில்லாத அம்மோனியமாக இருக்கும். சோடா போட்டோ நிறையத் தண்ணீர் மாற்றியோ பிஎச்சைச் சட்டென்று தூக்கினால் விஷ அம்மோனியாவாக மாறி ஒரே இரவில் தொட்டி காலியாகும். அப்படிப்பட்ட தொட்டியில் முதலில் 10 சதவீதமாகத் தண்ணீர் மாற்றி அம்மோனியாவைக் குறைத்துவிட்டு, பிறகு சோடாவுக்குப் போங்கள். நிரந்தரத்துக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சலை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைக்கலாம். பச்சைக் கிளிஞ்சல் மட்டும்தான். சுட்டுச் சுண்ணாம்பானது மீனைக் கொன்றுவிடும்.

ஹீட்டர் விஷயத்தில், லிட்டருக்கு 1 வாட் என்ற கடைக் கணக்கு இங்கே தோற்கும். 100 லிட்டருக்கு 200 வாட் வேண்டும். ஒரே ஹீட்டரைவிட 100 வாட் இரண்டு நல்லது, ஒன்று கெட்டால் இன்னொன்று தாங்கும். தொட்டிக்கு மூடியும் அவசியம்.

மரம் விழுந்து கரண்ட் போனால், தொட்டிக்கு வெளியே மூடிய டப்பாவாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டர்தான் பெரிய ஆபத்து. நாலைந்து மணி நேரம் நின்றுவிட்டால் அதை அப்படியே ஓடவிடாதீர்கள். திறந்து மோந்து பாருங்கள், அழுகிய முட்டை நாற்றம் வந்தால் உள்ளே பாக்டீரியா செத்திருக்கிறது. அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீர் எடுத்த வாளியில் அலசிப் பொருத்துங்கள். குழாயடியில் அலசினால் மிச்சமும் போகும். பேட்டரி ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் இந்த ஊருக்கு விலை உயர்ந்த கேனிஸ்டரைவிட நம்பகமானது.

பாட்டில் பாக்டீரியாவுக்குக் காசு செலவழிக்கும் முன் கேஎச்சும் சூடும் சரியா என்று பாருங்கள். அவை சரியில்லாத தண்ணீரில் அதுவும் முடங்கும். நோயில்லாத தொட்டி வைத்திருப்பவரிடம் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை ஈரமாகவே வாங்கி வந்து உங்கள் ஃபில்டரில் வைப்பது மேல். நைட்ரைட் முழுதும் இறங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை தினம் ஒரு டெஸ்ட், முதல் மூன்று நாள் போக இரண்டு நாளைக்கொரு சிட்டிகை தீனி. நைட்ரைட் 0.5 பிபிஎம் தாண்டினால் மறுபடி தண்ணீர் மாற்றுங்கள்.