மாசாமாசம் மாறும் வருமானத்துக்குக் கார் கடன்: பொதுத்துறை வங்கியா, ஷோரூம் மேஜையா?

பெங்களூருவில் நம்மவர்கள் பலருக்கு வருமானம் ஒரே அளவில் வருவதில்லை. இன்சென்டிவை நம்பி விற்பனை வேலை பார்ப்பவர், எலக்ட்ரானிக் சிட்டியில் கான்ட்ராக்டில் இருப்பவர், அல்சூரில் சொந்தமாக இன்டீரியர் வேலை எடுப்பவர் எல்லாரும் கார் கடன் என்றதும் எங்கே வட்டி குறைவு என்றுதான் விசாரிக்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் வருமானத்தில் எந்தப் பகுதியை அவர்கள் கணக்கில் எடுப்பார்கள்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நிலையான சம்பளம் 38,000. இன்சென்டிவ் சராசரியாக 20,000. பைக்குக்கு ஏற்கெனவே 4,000 இஎம்ஐ போகிறது. எல்லா இஎம்ஐயும் சேர்ந்து, கணக்கில் எடுக்கும் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். இன்சென்டிவைத் தொடவே மாட்டேன் என்கிற இடத்தில் 38,000-இல் பாதி 19,000. பைக் போக 15,000 மிச்சம். சராசரி இன்சென்டிவில் பாதியை ஏற்கிற இடத்தில் வருமானம் 48,000, மிச்சம் 20,000. 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் முதலாமவர் சுமார் 7.2 லட்சம் தருவார், இரண்டாமவர் 9.6 லட்சம். ஒரே ஆள், ஒரே சம்பளம்!

தனியார் வங்கிகள் பெரும்பாலும் ஆறு மாத ஸ்டேட்மென்டையும் சம்பள ஸ்லிப்பையும் வைத்து முடிவெடுக்கின்றன. இன்சென்டிவ் ஸ்லிப்பில் தனி வரியாக வந்து, அதே கணக்கில் விழுந்தால் பேச இடம் உண்டு. பொதுத்துறை வங்கி ஃபார்ம் 16 (கம்பெனி தரும் வரிப்பிடித்தச் சான்று), இரண்டு வருட ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) என்று கேட்கும். நாள் பிடிக்கும், ஆனால் முழு வருட வருமானத்தைப் பார்ப்பதால் இரண்டு மந்தமான மாதங்கள் உங்களைக் கவிழ்த்துவிடாது.

சொந்தத் தொழிலுக்கு நான் பொதுத்துறை பக்கம்தான். எஸ்பிஐயில் ஐடிஆரில் உள்ள நிகர லாபத்தோடு தேய்மானத்தையும் (பொருட்களின் மதிப்புக் குறைவு என்று கழித்த தொகை) சேர்த்து, அதன் 4 மடங்கு வரை கடன் தரப் பார்க்கிறார்கள். வரி மிச்சம் பிடிக்க லாபத்தைக் குறைத்துக் காட்டியவருக்குத்தான் இங்கே கதவு அடைபடும். அவர் கடைசியில் போய் நிற்பது நிதி நிறுவனத்திடம்.

அங்கே “8 சதவீதம்தான் சார், ஃப்ளாட்” என்பார்கள். அதாவது, கட்டக் கட்டப் பாக்கி குறைந்தாலும் கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி. 6 லட்சத்துக்கு 5 வருடம் அப்படிக் கட்டினால் மாதம் 14,000. குறையும் பாக்கிக்கு வட்டி போடும் முறையில் அது 14 சதவீதத்துக்கும் மேல்! 2024 அக்டோபர் முதல் எல்லாரும் கடனின் முழு ஆண்டுச் செலவு விகிதத்தை முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளை வாங்காமல் பேச்சைத் தொடராதீர்கள்.

அப்புறம், வருமானம் மாறுகிறவர் கையில் எப்போதாவது மொத்தமாகப் பணம் வரும். அதைக் கடனில் போடத் தோன்றும். மாறும் வட்டியில் தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கிய கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டிக் கடனில் அந்தக் காப்பு இல்லை, ஷோரூமில் கிடைப்பது பெரும்பாலும் அந்த வகை.

வேலை மாறியவர்களுக்கு: மொத்தம் 2 வருட அனுபவம், இப்போதைய இடத்தில் 1 வருடம் என்பது பல தனியார் வங்கிகளின் அளவுகோல். மாறி ஆறு மாதம்தான் ஆகிறது என்றால் பழைய ரிலீவிங் லெட்டரும் பிஎஃப் சேவை வரலாறும் கையில் இருக்கட்டும். கான்ட்ராக்ட்காரர்கள், சம்பளம் போடுகிற ஏஜென்சியின் பெயரையே வங்கி பார்க்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆபீஸ் வாசலில் உள்ள பெரிய கம்பெனி பெயர் அங்கே செல்லாது.

அவசரத்துக்கு ஷோரூம் மேஜை வசதிதான், ஆனால் அங்கே இருக்கும் ஏஜென்ட் உங்கள் பேப்பரை ஒரே நாளில் நாலு இடத்துக்கு அனுப்பிவிடலாம். ஒவ்வொரு விசாரணையும் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஏற்கெனவே ஏற்ற இறக்கமான வருமானத்தோடு அதையும் சேர்த்துப் பார்க்கிற அடுத்த வங்கி தயங்கும். எந்த வங்கிக்கு அனுப்புகிறார் என்று கேட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.