செவெரஸ் குடும்பத் தங்கக் காசு வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் கி.பி. 202-இல் வெளியிட்ட ஆரியஸ் தங்கக் காசு என்று சொல்லி, ஒரு சேகரிப்பாளர் தலையில் போலியைக் கட்டிவிட்டார்கள். விற்றவர் காட்டிய ஒரே அத்தாட்சி, நகைக்கடை மெஷினில் எடுத்த தங்கத்தின் மாற்று. மாற்றில் பொய்யே இல்லை, ஆளை விழ வைத்ததும் அதுதான்.

தங்கம் அசல் என்பதால் காசு அசலாகிவிடாது. 1830-இல் இறந்த ஜெர்மானியர் பெக்கர், தானே எஃகு அச்சு வெட்டி, நல்ல தங்கத்திலேயே போலிகளை அடித்தவர். உரைகல்லும் மெஷினும் உலோகத்தைத்தான் சொல்லும், அடித்த காலத்தைச் சொல்லாது.

இந்தக் காசின் பின்புறத்தில் செவெரஸின் மனைவி ஜூலியா டொம்னா நேர்முகமாக இருப்பார். அவருக்கு இருபுறமும் மகன்கள் கராகல்லாவும் கெட்டாவும் எதிரெதிரே. கராகல்லா 198-லேயே அகஸ்டஸ், அதாவது முழுப் பேரரசர், ஆனதால் தலையில் இலைமாலை உண்டு. கெட்டா 209 வரை வெறும் சீசர், அதாவது இளவரசர்தான், அதனால் வெறுந்தலை. கைவேலைப் போலிகள் இங்கே தடுமாறலாம். ஆனால் அசல் காசிலிருந்தே அச்சு எடுத்தவை தேறிவிடும். இதுவும் தேறியது.

மாட்டியது ஒரு கீறலில். டொம்னாவின் தாடைக்குக் கீழே, சாய்வாக, பள்ளமாக விழுந்த கீறல். அதே இடத்தில், அதே நீளத்தில், முன்பு விற்பனைக்கு வந்த வேறொரு காசிலும் இருந்தது. அச்சில் கீறல் விழுந்தால் காசில் அது மேடாகத்தான் வரும். அப்படி ஒரே மேடு பல அசல் காசுகளில் இருக்கலாம். பள்ளக் கீறல் காசுக்குக் காசு வேறாகும். இரண்டில் ஒன்றுபோல வந்தால் குறைந்தது ஒரு காசு நகல். பத்து மடங்கு லென்ஸே போதும்.

எடையையும் பாருங்கள். இந்தக் காலத்து ஆரியஸ் சுமார் 7.2 கிராம். நன்றாகக் குறைந்தால், நகையில் பதித்திருந்து பிறகு கழற்றி ராவிய காசாக இருக்கலாம். தலைக்கு நேர் மேலே விளிம்பில் பற்றவைத்த தடம் தெரியும். அசல்தான் என்றாலும் விலை வெகுவாக இறங்கும். விற்பவர் விளிம்பைப் படம் எடுத்து அனுப்பத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரிட்டிஷ் மியூசியத்தின் இணையத் தொகுப்பில் படங்கள் இலவசம். பணம் அனுப்பும் முன் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். போலி என்று எப்போது தெரிந்தாலும் முழுப் பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்குங்கள். இந்தச் சேகரிப்பாளரின் ரசீதில் "ஏழு நாளுக்குள்" என்றிருந்தது. கீறல் கண்ணில் பட்டபோது கெடு முடிந்துவிட்டது.