பழைய பாத்திரங்களில் வீட்டு வாசனை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டியுள்ள எங்கள் தரை வீட்டில், பெலாச்சான் என்னும் இறால் விழுதை வறுத்த வாடையும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து எழும் ஈர வாடையும் எளிதில் வெளியேறுவதில்லை. கடையில் விற்கும் வாசனைத் தெளிப்பான்கள் மாமியாருக்குத் தும்மலை வரவழைப்பதால், பரணில் கிடந்த பழைய பாத்திரங்களை வாசனைக் கலங்களாக மாற்றி ஓராண்டுக்கு மேலாகப் பயன்படுத்தி வருகிறேன்.

அவற்றில் முதலிடம் அடுக்கு இட்லித் தட்டுக்கே. காரணம் அதன் துளைகள். நம் ஊர் ஈரக்காற்றில் உலர்ந்த இலை, பட்டைகளைக் கிண்ணத்தில் குவித்து வைத்தால் அடியில் கிடப்பவை விரைவில் பூஞ்சணம் பிடித்துவிடும். இட்லிக் குழிகளிலோ கீழிருந்தும் காற்றுப் புகுவதால் அவை மொறுமொறுப்பு மாறாமல் இருக்கின்றன. வெயிலில் நன்றாகக் காயவைத்த செராய் (எலுமிச்சைப்புல்) தண்டுத் துண்டுகள், பட்டை, கிராம்பு ஆகியவற்றை மேலடுக்குகளிலும், நறுக்கிய வெட்டிவேரைக் கடைசி அடுக்கிலும் நிரப்பி, நடுக்கம்பியில் கயிறு கட்டிச் சமையலறைச் சன்னலோரம் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்டிவேர் கீழே இருப்பதற்குக் காரணம் உண்டு: மணம் குறையும்போது அதற்குச் சிறிது நீர் தெளிக்க வேண்டும், அந்த ஈரம் மற்றவற்றின்மேல் சொட்டக் கூடாது. செராய் சில வாரங்களில் மங்கிவிடுகிறது. பட்டையையும் கிராம்பையும் அவ்வப்போது இலேசாக இடித்துப் போட்டால் மாதக்கணக்கில் தாங்குகின்றன. சமையலில் மணத்துக்குச் சேர்க்கும் பாண்டான் இலையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பச்சையாக இருக்கையில் கமகமக்கும் அது, காய்ந்ததும் வெறும் வைக்கோல்தான்.

எனாமல் குவளை மெழுகுவத்திக்குப் பொருந்துகிறது. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடுவதால், அதை மிகுதியாகச் சேர்த்த மெழுகு தகரக் கூரையின் கீழ் பகல் முழுவதும் கூழாகவே கிடக்கும். 62 டிகிரிக்கு மேல் உருகும் தேன்மெழுகு விலை கூடுதலானாலும் நிலைத்து நிற்கிறது. 100 கிராமுக்கு 6 கிராம் செராய் எண்ணெய் எனக்குப் போதுமானதாக உள்ளது. எரியும்போது குவளையின் அடி நன்றாகச் சுடும் என்பதால் ஓட்டுத் துண்டின்மேல் வைப்பதும், அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போதே அணைத்துவிடுவதும் அவசியம்.

பித்தளைச் சொம்புதான் பார்வைக்கு அழகு, பராமரிப்புக்குத் தொல்லை. அதன் குறுகிய கழுத்து எண்ணெய் விரைவில் ஆவியாகாமல் காக்கிறது என்றாலும், எண்ணெயை நேரடியாக ஊற்றினால் உட்புறம் பச்சை படர்கிறது; எனவே உள்ளே சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றை இறக்கி அதில் ஊற்றுவதே சரி. எண்ணெயை மேலே இழுத்து மணம் பரப்பும் குச்சியாக, இறைச்சி சுடப் பயன்படும் மூங்கில் சாத்தே குச்சியைச் செருகுபவர்கள் பலர். மூங்கிலில் கணுக்கள் தடுப்பதால் எண்ணெய் சரியாக மேலேறாது; நுனிவரை நுண்துளைகள் ஓடும் பிரம்புக் குச்சிக்கே அந்த வேலை வரும். வெளிப்புறத்தை மாதம் ஒருமுறை புளி போட்டுத் தேய்க்காவிட்டால் சொம்பு கறுத்துப்போகும்.

வாசனை எண்ணெயோ மெழுகோ பட்ட பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்பதால், எதைக் கொடுக்கலாம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் முன்னரே கேட்டுவிடுங்கள். கிராம்பு எண்ணெய் பூனைகளுக்கு நஞ்சு. பூனை நடமாடும் வீட்டில் சொம்பைத் தவிர்த்து, எட்டாத உயரத்தில் இட்லித் தட்டை மட்டும் தொங்கவிடலாம்.