நாக் சென்சாரின் வாயைக் கட்டிய ட்யூனர்: ரீமேப் போடப் போகிறவர்களுக்கு

கோவையில் டர்போ பெட்ரோல் கார்களுக்கு ரீமேப் போட்டுத் தரும், அதாவது பவர் கூடும்படி இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை (மேப்) மாற்றி எழுதித் தரும் ஒரு பட்டறையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். பட்டறையின் பெயரைப் போடப்போவதில்லை. செய்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டால், அதே வேலையை வேறு யார் செய்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

வண்டி போலோ 1.0 டிஎஸ்ஐ. கம்பெனியிலிருந்து வரும்போதே 110 பிஎஸ், கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றைச் சுருக்கும் விகிதம்) 10.5:1. டர்போ ஏற்கெனவே அழுத்தி அனுப்பும் காற்றைப் பிஸ்டன் இன்னும் இவ்வளவு சுருக்குகிறது என்றால் உள்ளே எவ்வளவு சூடு ஏறும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க்கில் பற்றிய தீ பரவி வந்து சேர்வதற்குள், ஓரத்தில் எரியாமல் மிச்சமிருக்கும் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடிப்பதுதான் நாக்கிங். பிளாக்கில் இருக்கும் நாக் சென்சார் அந்த அதிர்வை உணர்ந்ததும் ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஸ்பார்க் டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்கு இழுக்கும். பவர் கொஞ்சம் குறையும், இன்ஜின் பிழைக்கும்.

"நம்ம ஊர் பெட்ரோலுக்கே எழுதின மேப் சார், பயமே வேண்டாம்" என்று சொல்லித்தான் ஃபைலை ஏற்றினார்கள். ஊருக்குள் வண்டி பறந்தது. ஆனால் சித்திரை வெயிலில் மேட்டுப்பாளையம் தாண்டி கோத்தகிரி ஏற்றத்தில் மிதித்தால், ரீமேப்புக்கு முன்னால் இருந்த இழுவைகூட இல்லை. டேங்கில் இருந்தது எக்ஸ்பி95, அதாவது 95 ஆக்டேன் பெட்ரோல் (ஆக்டேன் கூடக் கூட நாக்கிங்கைத் தாங்கும்) என்பதால் பெட்ரோலைக் குறை சொல்லவும் வழியில்லை. ஓபிடி ஸ்கேனரை (ஈசியூவில் ஓடும் அளவுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, அந்த அளவுகளைப் பதிவு செய்து லாக் எடுத்தபோது காரணம் தெரிந்தது: மூன்று சிலிண்டரிலும் ஈசியூ டைமிங்கைத் தாறுமாறாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

லாக்கோடு பட்டறைக்குப் போனேன். "சின்ன கரெக்‌ஷன் சார், டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்கள். திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. அதே ஏற்றம், அதே வெயில், வண்டி சீறிக்கொண்டு ஏறியது. லாக்கில் பின்னிழுப்பு சுத்தமாகப் பூஜ்யம். சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். மாற்றமே செய்யாத இன்ஜின்கூட வெயில் காலத்தில் மேடு ஏறும்போது அவ்வப்போது ஒன்றிரண்டு டிகிரி விட்டுக்கொடுக்கும்.

அப்புறம் ஐட்லிங்கில் ஆட்டம், எக்ஸாஸ்டில் நீலப் புகை. வேறு ஒரு மெக்கானிக் கம்ப்ரெஷன் பார்த்தார். இரண்டாவது சிலிண்டர் மற்ற இரண்டையும்விட வெகுவாகக் குறைவு. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியப் புள்ளிகள், அதாவது பிஸ்டனிலிருந்து தெறித்தவை. இன்ஜினைப் பிரித்தபோது இரண்டு ரிங்குக்கு நடுவே உள்ள விளிம்பு உடைந்திருந்தது. ஈசியூ ஃபைலைப் படித்துக் கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்தவர் சொன்னதும் வயிறு எரிந்தது. அடிப்படை மேப் 98 ஆக்டேனுக்கு எழுதப்பட்டது. "கரெக்‌ஷன்" என்று அவர்கள் செய்தது, நாக் சென்சார் எவ்வளவு அதிர்வை நாக் என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவை உயர்த்தியது மட்டுமே. டைமிங்கில் கை வைக்கவே இல்லை. குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிட்டு, திருடனே வரவில்லை என்று சொன்ன கதை.

ஒழுங்காகச் செய்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும் இடத்தில் டைமிங்கைக் குறைத்து வைத்துத் தொடங்கி, லாக்கைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, நாக் தலைகாட்டும் இடத்திலிருந்து இரண்டு டிகிரியாவது பின்வாங்கியிருப்பார்கள். பிளக்கை ஒரு படி குளிர்ந்த ரேஞ்சுக்கு (சூட்டை வேகமாக வெளியேற்றும் ரகத்துக்கு) மாற்றச் சொல்லியிருப்பார்கள். இன்டேக் காற்று சூடாகும்போது பூஸ்டைக் குறைக்கும்படி எழுதியிருப்பார்கள். நம் வெயிலில் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பாகம்) சூடேறிப் போவது புதிய விஷயமா என்ன? குறைந்த ஆர்பிஎம்மில் கொட்டும் டார்க்கையும் (இழுவையையும்) கட்டுப்படுத்தியிருப்பார்கள். அங்கேதான் ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. அதை நாக் சென்சாராலும் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து அதை நிறுத்த வழியில்லை.

கேட்கப் போனபோது, "பெட்ரோல் கலப்படம் சார், எங்க மேப்ல தப்பில்ல" என்றார்கள். கம்பெனி ஃபைலைத் திருப்பிக் கேட்டதற்கு, சேமித்து வைக்கவில்லை என்றார்கள். ஜிஎஸ்டி பில்லும் கிடையாது. கையெழுத்தில் "டியூனிங் சார்ஜ்" என்று ஒரு துண்டுச் சீட்டு. அந்தச் சீட்டையும் லாக்குகளையும் பணம் அனுப்பிய ரசீதையும் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

ரீமேப் போடப் போகிறவர்கள் முதலில் கம்பெனி ஃபைலின் பிரதியைப் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஆக்டேனுக்கு எழுதிய மேப் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். நாக் சென்சார் அளவுகளைத் தொட்டீர்களா என்று நேருக்கு நேர் கேளுங்கள். மழுப்பினால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், வெயிலில் ஒரு நீண்ட ஏற்றத்தில் மூன்றாவது கியரில் லாக் எடுத்துப் பாருங்கள். மிதித்த நேரம் முழுக்கப் பின்னிழுப்பு பூஜ்யமாகவே நின்றால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன் வேறு ஓர் ஆளிடம் ஃபைலைப் படிக்கக் கொடுங்கள்.